யாரும் தொடங்காத போர்

கண்டி நகரில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறவர்களுக்காக ஞாயிறு வகுப்பு நடத்தும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு ஞாயிறில் அங்கே போய் ஐரோப்பிய வரலாறு படிப்பிப்பது பல வருடங்களாக என் வழக்கம். மாணவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், அலுவலக எழுதுவினைஞர்கள், பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வரும் இளம் தாய்மார். அவர்களுக்கு வரலாறு தேவையில்லை, பட்டம் தேவை. அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. என் கோபம் எல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது.

அங்கே என்னோடு வரலாறு படிப்பித்தவர் கண்டிக்குப் பக்கத்துத் திகனவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் ஆசிரியர். அவருடைய வாப்பாவுக்குத் திகனப் பிரதான வீதியில் துணிக்கடை. ஆசிரியருக்குக் கிழமை நாட்களில் அக்குறணைப் பாடசாலை ஒன்றில் வேலை. என்னை மிஸ் என்பார், நான் சேர் என்பேன். எவ்வளவு நெருங்கிய பிறகும் அது மாறவில்லை. பகல் இடைவேளையில் அவர் வீட்டுச் சோற்றுப் பார்சலை விரிப்பார், நான் என் புட்டை விரிப்பேன். இரண்டு பேரும் செத்துப்போன தூதுவர்களைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு சாப்பிடுவோம்.

எங்கள் பாடம் முதலாம் உலகப் போரின் இராஜதந்திரக் காரணங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்குச் சொந்தமாகவே ஒரு போர் இருந்தது. கணவரின் அரசாங்க உத்தியோகத்தோடு குண்டசாலைக்கு வந்து தங்கிய பிறகும் அது என்னோடுதான் இருந்தது. ஆனால் அதைப் பற்றி ஒரு மேடையில் நின்று பேசினால் ஒருவர் முகத்தைத் திருப்புவார், ஒருவர் எழுந்து போவார், இன்னொருவர் என் பெயரை விசாரிப்பார். ஐரோப்பியரின் போரைப் பற்றி என்ன சொன்னாலும் கண்டியில் ஒரு குருவிக்குக்கூட வலிக்காது. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். என் நண்பரும் அதற்காகத்தான் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன், கேட்டதில்லை.

அந்தப் போரை யார் தொடங்கினார்கள் என்ற கேள்வியை வரலாற்றாசிரியர்கள் நூறு வருடத்துக்கு மேலாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார்கள். ஓர் இளவரசரை ஓர் இளைஞன் சுட்டான், அது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு சில கிழமைகளாக ஐரோப்பியத் தலைநகரங்களுக்கு இடையே தந்திகள் பறந்தனவே, அதில் எந்தத் தந்தி போரைக் கொண்டுவந்தது என்பதில்தான் சண்டை. நீ என்ன செய்தாலும் உன் பின்னால் நிற்பேன் என்று வியன்னாவுக்கு உறுதி கொடுத்த பெர்லினா? மறுக்கப்பட வேண்டும் என்றே ஓர் இறுதி எச்சரிக்கையை எழுதிய வியன்னாவா? படையைத் திரட்டிவிட்டுச் சும்மாதான் திரட்டினேன் என்ற ரஷ்யாவா? நேரத்தோடு வாயைத் திறந்து ஒரு தெளிவான வார்த்தை சொல்லாத லண்டனா? சண்டை தொடங்கிய கையோடு ஒவ்வோர் அரசாங்கமும் தனக்குச் சாதகமான கடிதங்களைப் பொறுக்கி, ஆளுக்கொரு நிறத்தில் அட்டை போட்டுப் புத்தகமாக வெளியிட்டது. பிணங்களைப் புதைத்து முடிக்க முன்னரே சப்பைக்கட்டு அச்சாகிவிட்டது.

போர் முடிந்ததும் வென்றவர்கள் குற்றத்தைத் தோற்றவர்களின் தலையில் ஒப்பந்தமாகவே எழுதி வைத்தார்கள். பிறகு வந்த வரலாற்றாசிரியர்கள், அப்படிச் சொல்வது அநியாயம், எல்லோருமாகத்தான் வழுக்கி விழுந்தார்கள் என்றார்கள். அதுவும் சும்மா வந்த மனமாற்றம் அல்ல, தோற்ற நாடு அதற்கென்று ஓர் அலுவலகமே வைத்துக் காசு செலவழித்தது. இரண்டாம் போருக்குப் பிறகு ஒரு ஜெர்மன் வரலாற்றாசிரியர் சுவடிகளைக் கிளறி, இல்லை, எங்கள் அரசாங்கம்தான் தெரிந்து செய்தது என்று எழுதினார். அவருடைய சொந்த நாட்டுப் பேராசிரியர்களே அவர் மீது பாய்ந்தார்கள். இப்போது மறுபடியும், ஒருவரைக் குற்றம் சொல்வது பழைய பாணி, எல்லோருக்கும் பங்குண்டு என்ற காற்று வீசுகிறது. நாளைக்கு அது மாறும். அதுவரைக்கும் மாநாடுகளில் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் இந்தச் சண்டையை வருடத்துக்கு ஒரு தடவை மேடையேற்றினோம். ஒருவர் குற்றம் சாட்டுவார்: போர் ஒரு முடிவு, அதை எடுத்த மனிதர்கள் இருந்தார்கள். மற்றவர் பதில் சொல்வார்: யாரும் விரும்பவில்லை, எல்லோரும் சேர்ந்து சறுக்கினார்கள். அடுத்த வருடம் பக்கத்தை மாற்றிக்கொள்வோம். இந்த வருடம் நான் ஜெர்மனியைக் கிழித்தால் அடுத்த வருடம் அதே வாயால் காப்பாற்ற வேண்டும். உண்மையில் யார் என்ன நினைக்கிறோம் என்பதை மாணவர்களிடம் சொல்வதே இல்லை. அவர்கள் எங்களை நோண்டிப் பார்ப்பார்கள். மிஸ்ஸுக்கு ரஷ்யாவைப் பிடிக்காது என்று ஒரு கட்சி, சேருக்கு எல்லாம் விளையாட்டு என்று ஒரு கட்சி. அந்த ஒரு ஞாயிறில் மட்டும் மண்டபத்தில் கதிரை போதாமல் சுவரோரமாகவும் நிற்பார்கள். பணிப்பாளர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் பெட்டிஸ் பலகாரமும் பிளேன்டியும் கொடுப்பார். அது அவருக்கு நல்ல விளம்பரம்.

திகனப் பக்கம் முஸ்லிம்களின் கடைகள் எரிந்த வருடம், சறுக்கினார்கள் என்று பேசும் பக்கம் என் நண்பருக்கு வந்திருந்தது.

கடைகள் எரிந்த அந்தக் கிழமையை நான் விவரிக்கப் போவதில்லை. ஊரடங்கு, வேலை செய்யாத தொலைபேசிகள், குண்டசாலையிலிருந்து பார்த்தாலும் தெரிந்த புகை. அவருடைய வாப்பாவின் கடை முழுதாகப் போய்விட்டது. லொறிகளில் வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள், யாரென்று தெரியாது. ஆனால் எந்தக் கடை யாருடையது என்று நடந்து நடந்து கைகாட்டியவர்கள் இரண்டு பேர், அதே வீதிக்காரர்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு அந்தக் கடையில் துணி வாங்கி, விலை குறைத்துத் தரச்சொல்லிக் கதிரையில் உட்கார்ந்து கதைத்தவர்கள். வாப்பா எதிர்ப்பக்க மாடியில் ஒளிந்திருந்து அவர்களைப் பார்த்தார். ஊரடங்கு எடுத்த உடனே பொலிஸுக்குப் போய் இரண்டு பேருடைய பெயரையும் சொல்லி முறைப்பாடு கொடுத்தார். நண்பர்கள், உறவினர்கள், பள்ளிவாசல் ஆட்கள் என்று எத்தனையோ பேர் வேண்டாம் என்றார்கள். மனுஷன் அசையவில்லை. கடை திரும்பி வராது, இழப்பீடு வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை, கைகாட்டியவன் யாரென்று எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம்.

சில கிழமைகளில் விவாத நாள் நெருங்கியது. நான் நண்பரிடம் சொன்னேன்.

"சேர், இந்த முறை மாத்துவம். நீங்கள் குற்றம் சாட்டுங்கோ. அந்தச் சறுக்கல் கதையை நான் கதைக்கிறன்."

"ஏன் மிஸ்?"

"ஏனெண்டு கேக்கிறியளே? இல்லாட்டி இந்த வருஷம் விடுவம். ஆர் கேக்கப்போகினம்?"

அவர் சோற்றுப் பார்சலை மடித்துக்கொண்டே சொன்னார். "வசதியான நேரத்துல பக்கத்த மாத்தினா, இவ்வளவு காலம் புள்ளகளுக்கு நாங்க படிச்சிக் குடுத்தது என்ன? எங்களுக்கு வலிக்காத வரைக்கும்தான் ரெண்டு பக்கமும் பேசுவோம், வலிச்சா ஒரு பக்கம்தான்னு ஆகும். அது சரியில்ல மிஸ். என்ட முறை, நான் பேசுறேன்."

அந்த நேர்மையை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. ஊரில் பொய்யையே தொழிலாக வைத்திருப்பவர்கள் நன்றாக நித்திரை கொள்ளும்போது, இந்த மனிதர் ஒரு மூன்றாம் மாடி மண்டபத்தில் முறை தவறக்கூடாது என்று கவலைப்பட்டார்.

பேசினார். நான் கேட்ட அத்தனை வருடங்களிலும் அதுபோல அவர் பேசியதில்லை. பயந்துபோன அமைச்சர்கள், பிந்திப்போன தந்திகள், ஒருவரை ஒருவர் தப்பாகப் படித்த தூதுவர்கள், எல்லோரையும் மனிதர்களாக்கிக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார். முடிக்கும்போது குரல் இறங்கியது. "இந்தத் தீயை யாரும் வைக்க நினைக்கவில்லை. எல்லோரும் சேர்ந்துதான் சறுக்கி விழுந்தார்கள். குற்றவாளியைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் அடுத்த சண்டைக்கு விறகு சேர்க்கிறார்கள்." மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு மாணவி அழுதாள். அவருடைய வீட்டில் நடந்தது அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மன்னித்துவிட்டார் என்று நினைத்தார்கள். அவர் மன்னிக்கவில்லை, தன் பக்கத்தைப் பேசினார், அவ்வளவுதான்.

பணிப்பாளர் தன் தொலைபேசியில் அதைப் பதிவு செய்திருந்தார். நீளமாக இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று முன்னால் பின்னால் வெட்டி, அந்த முடிவை மட்டும் எடுத்து நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் போட்டார். ஐரோப்பா போய்விட்டது, தந்திகள் போய்விட்டன, எதிர்ப்பக்கத்தில் பேசிய நானும் போய்விட்டேன். தாடியும் கண்ணாடியுமாக ஒரு திகன முஸ்லிம் ஆசிரியர், தீயை யாரும் வைக்க நினைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் யாரோ அதற்குக் கீழே சிங்களத்தில் எழுத்துப் போட்டுவிட்டார்கள். பிறகு அது தன்பாட்டுக்குப் போனது. இதுவல்லவா மனிதன் என்று எங்கிருந்தெல்லாமோ பாராட்டினார்கள்.

நான் பணிப்பாளரின் அறைக்குப் போய்க் கத்தினேன். அவருக்கு விளங்கவே இல்லை.

"மேடம், நல்ல விஷயம்தானே சொல்லியிருக்காரு? எவ்வளவு பேரு பாத்திருக்காங்க தெரியுமா? போன மாசத்த விட இப்ப சேர வர்றவங்களும் கூட."

"அது விவாதம் ஐயா. அவருக்கு வந்த பக்கம் அது."

"இருக்கட்டுமே மேடம். யாரு பக்கம்னாலும் நல்லதுதானே."

அவர் கடைசியில் அதை எடுத்தார். ஊரெல்லாம் போன பிறகு எடுத்து என்ன, எடுக்காமல் என்ன.

அடுத்த மாதம் திகனவில் சமாதானக் கூட்டம் ஒன்று நடந்தது. எல்லாச் சமயத்தவர்களும் மேடையில், பின்னால் பெரிய திரை, பக்கத்தில் கேக்கும் வாழைப்பழமும். நான் போகவில்லை, நண்பர் பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன். கூட்டத்தை நடத்தியவர், எத்தனையோ அழகான வார்த்தைகளுக்குப் பிறகு, எங்களுக்கெல்லாம் வழிகாட்டியாக ஒரு குரல் இருக்கிறது என்று சொல்லித் திரையில் அந்த வீடியோத் துண்டைப் போட்டார். முன்வரிசையில் வாப்பா உட்கார்ந்திருந்தார். அதுவரைக்கும் அவர் அதைப் பார்க்கவில்லை. அவரிடம் இருந்தது பொத்தான் தொலைபேசி, வீட்டில் யாரும் காட்டவும் இல்லை. கைகாட்டிய இருவரில் ஒருவன் மூன்று கதிரை தள்ளி இருந்தான், அவனும் கைதட்டினான். பிறகு நடத்தியவர் வாப்பாவிடம் குனிந்து, மிக மரியாதையாக, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: உங்கள் மகனே இப்படிச் சொல்கிறார், நீங்கள் மட்டும் ஏன் இரண்டு பேரின் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?

வாப்பா அந்தக் கிழமையே முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றார். மகனை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. சலாத்துக்குப் பதில் சொன்னார், சாப்பாட்டு நேரத்தில் சோறு போதுமா என்று கேட்டார், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நண்பர் அது ஒரு விவாதம் என்றும் பக்கம் மாறிமாறி வரும் என்றும் விளக்கிப் பார்த்தாராம். சரி என்றாராம் வாப்பா. அந்தச் சரி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், என் தகப்பனும் அப்படிச் சரி சொல்கிறவர்தான்.

அந்த வருடம் முழுக்க நண்பர் மெலிந்துபோனார். புதிதாக வாடகைக்கு எடுத்த சிறிய கடையில் வாப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே தைரியம் இல்லை என்பார். கைகாட்டியவன் இப்போது போகும்போதும் வரும்போதும் முதலாளி என்று கூப்பிட்டுத் தலையாட்டுகிறானாம். மறுப்பு எழுதி ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்பினார். முடிந்துபோன விடயத்தை எதற்குக் கிளற வேண்டும் என்று சொல்லி அவர்கள் போடவில்லை. கடைசியில் அவருக்கு இருந்தது விவாத நாள் ஒன்றுதான். இந்த முறை குற்றம் சாட்டும் பக்கம் அவருக்கு.

"இந்த வருஷம் நான் மேடைக்கு வரேல்ல சேர்," என்றேன். "உங்களுக்கு எதிரா நிண்டு ஒருத்தரும் செய்யேல்ல எண்டு கதைக்க என்னால ஏலாது."

"நீங்க வரணும் மிஸ். எதிர்ப்பக்கம் இல்லாட்டி விவாதம் இல்ல. விவாதம் இல்லாட்டி எனக்கு அந்த மண்டபம் இல்ல. அதே மண்டபத்துலதான் சொல்லணும். வாப்பாவ கூட்டிட்டு வாறேன்."

வாப்பா வந்தார். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு. பின்வரிசையில் ஓரக் கதிரையில் உட்கார்ந்து, கொடுத்த பெட்டிஸைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தார். மண்டபம் போன வருடத்தைவிட நிறைந்திருந்தது. அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு வந்த புதியவர்கள் நிறையப் பேர்.

நண்பர் வியன்னாவில் தொடங்கினார். அந்த எச்சரிக்கையை எழுதியவர்களுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, எழுதும்போது அவர்களுக்குத் தெரியும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஐரோப்பா போதும். என் வீதியைச் சொல்கிறேன். லொறி தானாக வரவில்லை, ஒருவர் அழைத்தார். பெற்றோல் தானாக வரவில்லை, ஒருவர் வாங்கினார். என் வாப்பாவின் கடை எது என்று நெருப்புக்குத் தெரியாது. இரண்டு பேர் கைகாட்டினார்கள். யாரும் சறுக்கவில்லை. நடந்து வந்தார்கள்." அந்த இரண்டு பேருடைய பெயரையும் சொன்னார். இது வாதம் அல்ல, சாட்சி என்றார். போன வருடம் சொன்னது தனக்கு வந்த பக்கம், இது நடந்தது என்றார்.

என் முறை வந்தது. நான் எழுந்து, "எனக்குப் பதில் இல்லை. அவர் சொன்னது உண்மை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மண்டபத்தில் சிரிப்பும் கைதட்டலும் ஒன்றாக எழுந்தன. புது உத்தி என்று நினைத்துவிட்டார்கள். யாரோ பின்னாலிருந்து விசில் அடித்தார்கள். பணிப்பாளர் ஒலிவாங்கியை எடுத்து, போன வருடம் அந்தப் பக்கத்தைக் கேட்டோம், இந்த வருடம் இந்தப் பக்கத்தைக் கேட்டோம், இரண்டையும் ஒரே ஆள் இவ்வளவு அழகாகப் பேசுவதுதான் எங்கள் நிறுவனத்தின் தரம் என்றார். நண்பர் கையை உயர்த்தி, இல்லை, கேளுங்கள், இது விவாதமில்லை என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் தட்டினார்கள். நான் மேசையில் அடித்து, "நிப்பாட்டுங்கோ" என்றேன். அதற்கும்தான். பல வருடமாக நாங்களே பழக்கிய கைகள் அவை.

மேடையை விட்டு இறங்கியபோது ஒரு மாணவர் கொப்பியோடு வந்தார். "சேர், எக்ஸாமுக்கு எந்தப் பக்கத்த எழுதினா மார்க்ஸ் கூடக் கெடைக்கும்?" நல்ல பிள்ளை, அக்கறையோடுதான் கேட்டார். நண்பர் அவர் முகத்தையே பார்த்தார். "ரெண்டும் எழுதுங்க," என்றார்.

மண்டபம் காலியாகும்வரை வாப்பா ஓரக் கதிரையிலேயே இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் போய் நின்றோம். அவர் பெட்டிஸைக் கதிரையில் வைத்துவிட்டு, கைத்துண்டால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, மகனின் தோளைப் பிடித்து எழுந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு மகனிடம் முழுதாக ஒரு வசனம் பேசினார்.

"நல்லாப் பேசின மவன். போன வருஷமும் நல்லாத்தான் பேசின."